மறுமலர்ச்சியும் ஒரு லேமினேஷன் சான்றிதழும்

1

போன வருடக் கடைசியில் எங்கள் குடும்ப விசா ஏழாவது தடவையாகப் புதுப்பிக்கப்பட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றால், நான் சார்ஜாவுக்கு வந்து பதினான்கு வருடம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஊரில் கல்யாண நாள் கொண்டாடுவார்கள். நாங்கள் விசா நாளில் மருத்துவப் பரிசோதனைக்கு வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்து, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்து ஆளுக்கொரு கரக் சாயா குடிப்போம். என் கணவர் சேகர் கட்டடங்களுக்கு ஏசி போடும் நிறுவனத்தில் இன்ஜினியர். அவர் விசாத் தாளில் தொழில்: இன்ஜினியர். என் தாளில் இல்லத்தரசி. கூடவே, வேலை பார்க்க அனுமதி இல்லை என்று ஒரு வரி. காலை ஐந்து மணியிலிருந்து வீட்டில் நான் பார்ப்பதற்கு என்ன பெயர் என்று அதை அச்சடித்தவரிடம் கேட்க வேண்டும் என ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அதற்குள் சாயா ஆறிவிடும்.

அதே வாரம் மகள் கீர்த்தனாவுக்குப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பு, சமூக அறிவியல். ஐரோப்பிய மறுமலர்ச்சியின் பொருளும் சமூகத்தில் அதன் தாக்கமும். அவள் அதை ரெனசான்ஸ் என்றாள். தமிழில் மறுமலர்ச்சி என்று சொன்னேன்.

“அப்படின்னா திரும்ப பூக்கறதா? நைஸ். அரபியில நஹ்தாம்மா. எங்க அரபிக் மிஸ் சொன்னாங்க.”

எங்கள் குடியிருப்புப் பகுதியின் பெயர் அல் நஹ்தா. பஸ்ஸிலும் டாக்சியிலும் பதினான்கு வருடமாகச் சொல்லி வருகிற பெயர். இத்தனை நாளும் மறுமலர்ச்சியில்தான் வாடகை கொடுத்துக் குடியிருந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சிரித்துக்கொண்டே, “நான் ஹெல்ப் பண்ணட்டுமா?” என்று கேட்டேன்.

“உனக்கு இதெல்லாம் தெரியுமாம்மா?” என்றாள்.

அதில் கேலி எதுவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளுடைய அம்மா எம்.ஏ. வரலாறு படித்தவள், திருச்சியில் மூன்று வருடம் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு எடுத்தவள் என்பது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றில்லை. சாப்பாட்டு டப்பா, யூனிஃபார்ம், பஸ் நேரம் என்ற பேச்சுக்கு நடுவில் அதைச் சொல்ல இடமே வரவில்லை.

2

திருச்சியில் நான் மறுமலர்ச்சி எடுத்த விதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கரும்பலகையில் தலைப்பு. அடியில் ஐந்து காரணங்கள். ஒன்று, கான்ஸ்டாண்டிநோபிளின் வீழ்ச்சி. இரண்டு, அச்சு இயந்திரம். மூன்று, இத்தாலிய நகரங்களின் வணிகச் செல்வம். நான்கு, புதிய கடல் வழிகள். ஐந்தாவது காரணம் ஒரே வரி: கிரேக்க நூல்களை அரேபியர்கள் பாதுகாத்தனர். பிறகு விளைவுகள் ஐந்து. ஐந்தும் ஐந்தும் பத்து மதிப்பெண். பெண்கள் ராகம் போட்டு மனப்பாடம் செய்வார்கள். என் வகுப்பில் யாரும் அந்தக் கேள்வியில் மதிப்பெண் இழந்ததில்லை. தலைமையாசிரியைக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்.

ஒருநாள் செல்வராணி என்ற பெண் எழுந்து நின்றாள். கடைசிக்கு முந்தின பெஞ்சு. “மிஸ், அப்ப இருந்தவங்களுக்குத் தெரியுமா மிஸ், இது மறுமலர்ச்சின்னு?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. “உக்காரு. இதெல்லாம் பரீட்சைக்கு வராது,” என்றேன். அவள் உட்கார்ந்தாள். அதன் பிறகு அந்த வருடம் முழுக்க அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு விடை தெரியவில்லை, அதனால்தான் உட்காரச் சொன்னேன். தெரியவில்லை என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று அந்த வயதில் ஒரு பயம்.

பிறகு கல்யாணம், விசா, விமானம்.

3

கீர்த்தனாவுடன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். அவள் மடிக்கணினியில் படங்களாகத் திறந்துகொண்டே போனாள். பழைய ஓவியங்களில் ராஜா பெரியவராக இருப்பார், வேலைக்காரன் சின்னவனாக இருப்பான். அவரவர் அந்தஸ்துக்கு ஏற்ற உயரம். புதிய ஓவியங்களில் பக்கத்தில் நிற்பவன் பெரிதாகவும் தூரத்தில் நிற்பவன் சிறிதாகவும் தெரிகிறார்கள். ராஜாவே ஆனாலும் தூரத்தில் நின்றால் சின்னவர்தான். ஒரு மனிதன் ஓர் இடத்தில் நின்று தன் கண்ணால் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைகிறார்கள். இதைச் சொன்னபோது கீர்த்தனா திரையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“இது நெட்ல இப்படி இல்லையேம்மா.”

“நான் ஹிஸ்டரி டீச்சரா இருந்தேன்டி.”

“வாட்? எப்போ?”

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படிப்பு, பள்ளி, சாக்பீஸ் தூசியில் வந்த தும்மல் வரைக்கும். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். பிறகு, “இவ்ளோ நாள் ஏன் சொல்லல?” என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டாள். நான் சொன்ன சமாதானம் எனக்கே சப்பென்று இருந்தது.

அடுத்த இரண்டு வாரம் எங்களுக்குள் நல்ல பேச்சு நடந்தது. அவள் ஆங்கிலத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். மறுமலர்ச்சி என்ன செய்தது என்றால், பெரியவர்கள் சொன்னதை வாங்கி வைத்துக்கொள்வதோடு நிற்காமல், உடலை அறுத்துப் பார்த்து, வானத்தை அளந்து பார்த்துச் சரிபார்க்கிற துணிச்சலைக் கொடுத்தது என்றேன். கற்றவர்களின் லத்தீனை விட்டுவிட்டு வீட்டில் பேசுகிற மொழியில் எழுதத் தொடங்கினார்கள் என்றேன். அச்சு வந்ததும் புத்தகம் மடத்து அலமாரியிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்தது. நம் ஊரிலும் ஓலையில் கிடந்த பழைய பாட்டுகள் அச்சேறிய பிறகுதானே நமக்கே நம்முடைய வயது தெரிந்தது. அதே துணிச்சல் கப்பலேறி, பீரங்கியோடு நம் கரைக்கு வந்ததையும் மறைக்காமல் சொன்னேன்.

“லேடீஸ்க்கு என்ன ஆச்சு?” என்று கேட்டாள். “எல்லாப் பேரும் ஜென்ட்ஸ் பேராவே இருக்கு.”

சில பெண்கள் வரைந்தார்கள், எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த மலர்ச்சி வந்து சேர இன்னும் பல நூறு வருடம் ஆயிற்று. இதைச் சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன்.

ஐந்தாவது காரணத்தை அவளுக்காகத் தேடிப் படித்தபோதுதான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். பாதுகாத்தனர் என்று ஒரே சொல்லில் நான் எழுதிப் போட்ட அந்த வரி அநியாயம். பாக்தாதில் அரேபியர்கள் கிரேக்க நூல்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. மொழிபெயர்த்தார்கள், சண்டை போட்டார்கள், தவறு என்று பட்டதைத் தவறு என்று எழுதினார்கள், தங்கள் கணக்கையும் மருத்துவத்தையும் சேர்த்தார்கள். அந்த நூல்கள் புழங்கியதால்தான் பிழைத்தன. இதை நான் அரபு மண்ணில் பதினான்கு வருடம் இருந்த பிறகு, என் பெண்ணின் ப்ராஜெக்டுக்காகத் தெரிந்துகொண்டேன்.

அன்று சாப்பிடும்போது சேகரிடம் செல்வராணி கேட்ட கேள்வியைச் சொன்னேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டே யோசித்தார். “கட்டும்போது எந்த டவருக்கும் பேர் கிடையாது மாலதி. ப்ளாட் நம்பர்தான். டக்ட் மாட்டறவன், டைல்ஸ் ஒட்டறவன் எல்லாருக்கும் அது ப்ளாட் நம்பர்தான். முடிஞ்சு கண்ணாடி தொடச்ச பிறகுதான் பேர் வைப்பாங்க. அப்ப கட்டினவன் வேற சைட்டுக்குப் போயிருப்பான்.”

இருபது வருடமாக ஏசியைத் தவிர வேறு எதையும் பற்றி ஆர்வம் காட்டாத மனிதர். நான் அவருக்கு இன்னொரு அப்பளம் வைத்தேன்.

4

ப்ராஜெக்டுகளைப் பெற்றோர் வந்து பார்க்கும் நாளில், கீர்த்தனாவின் அட்டைக்கு முன்னால் சமூக அறிவியல் துறையின் தலைமை மேடம் நின்றார். பெண்கள் எங்கே என்ற தலைப்பில் ஒரு பகுதி காலியாக விடப்பட்டிருந்தது. அது கீர்த்தனாவின் யோசனை. மேடம் அதைப் பற்றிக் கேட்க, நான் பதில் சொல்ல, பேச்சு நீண்டுவிட்டது. முடிவில் அவர், “நீங்கள் எங்கே கற்பிக்கிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். வீட்டில் இருக்கிறேன் என்றேன். “பையன்கள் பிரிவில் வரலாற்றுக்கு ஆள் தேவை. வருகிறீர்களா?” என்றார்.

என் காது சூடானது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கீர்த்தனாவின் கவலை ஒன்றுதான்: “பாய்ஸ் செக்‌ஷன்தானே? ஷ்யூர்தானே? என் கிளாஸ்க்கு வர மாட்டல்ல?”

நேர்காணல் முடிந்தது. மாதிரி வகுப்பும் முடிந்தது. இரண்டிலும் தேறினேன். வேலை பார்க்கும் அனுமதியைப் பள்ளியே வாங்கித் தரும் என்றார்கள். ஆனால் கல்விச் சான்றிதழ்கள் முறைப்படி அட்டெஸ்டேஷன் ஆகியிருக்க வேண்டும். மாநில அரசு, டெல்லி, தூதரகம், கடைசியில் இங்கே என்று ஒவ்வொரு வாசலிலும் முத்திரை. ஏப்ரலில் புது வகுப்புகள் தொடங்குவதற்குள் காகிதம் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்தவர். பிரின்ஸிபால் இதை ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

அலமாரியின் உச்சியிலிருந்த சூட்கேஸை இறக்கி ஃபைலை எடுத்துக்கொண்டு அட்டெஸ்டேஷன் ஏஜென்டிடம் போனேன். மலையாளப் பையன், நன்றாகத் தமிழ் பேசுவார். எம்.ஏ. சான்றிதழைக் கையில் வாங்கியதுமே முகம் மாறியது.

“ஐயோ சேச்சி, லேமினேஷன்.”

“ஆமா, பத்திரமா இருக்கட்டும்னு அப்பா போட்டது.”

“இதுல சீல் நிக்காது. ஸ்டிக்கர் ஒட்டாது. லேமினேஷன் இருந்தா அவங்க வாங்கவே மாட்டாங்க. மாஃபி, நடக்காது.”

என் அப்பா தபால் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்றவர். ஆபீஸ் பதிவேடுகளைக் கரையான் தின்றதைக் கண்ணால் கண்டவர். நான் எம்.ஏ. பட்டம் வாங்கிய மறுநாளே வீட்டிலிருந்த அத்தனை காகிதங்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தார். பட்டம், மதிப்பெண் பட்டியல், கல்லூரிக் கட்டுரைப் போட்டியில் வாங்கிய முதல் பரிசு, எதையும் விடவில்லை. பி.எட். சான்றிதழ் அதற்குப் பிறகு வந்ததால் தப்பித்தது. இனிமே தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது என்று அன்றைக்குச் சொன்னார். உண்மைதான், இருபது வருடமாக அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் எதுவும் ஆகவுமில்லை.

நகல் பட்டம் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதலாம். போலீஸில் புகார், பத்திரிகையில் விளம்பரம், கட்டணம், காத்திருப்பு. எப்படிப் பார்த்தாலும் ஏப்ரல் தாண்டிவிடும். அதுவும் தொலைந்து போகாத காகிதத்தைத் தொலைந்தது என்று எப்படி எழுதிக் கொடுப்பது? ஏஜென்ட் குரலைத் தாழ்த்தி, “துபாய்ல, தேராவுல முஸ்தபா பாய்னு ஒருத்தர் உண்டு. அவர் பிரிப்பார். கியாரண்டி இல்ல,” என்றார்.

5

சனிக்கிழமை காலை கீர்த்தனாவையும் அழைத்துக்கொண்டு தேரா போனேன். மசாலாக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. ஜெராக்ஸ், டைப்பிங், பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன் எல்லாம் அந்த எட்டடிக் கடைக்குள் அடக்கம். முஸ்தபா பாய் காயல்பட்டினத்துக்காரர். ஐம்பது தாண்டியவர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்.

“வாங்கம்மா, உக்காருங்க. இது யாரு போட்டது, வாப்பாவா?”

“ஆமாங்க, அப்பா.”

“எல்லாருக்கும் அப்பாதான். மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வாராங்க. எல்லாம் நம்ம ஊரு ஆளுங்க. வேற எந்த நாட்டுக்காரனும் இதைச் செய்யல.”

காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பழைய பசை, எப்படி வரும் என்று சொல்ல முடியாது என்றார். அதே நாளில் அதே கடையில் போட்ட வேறு காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். கட்டுரைப் போட்டிச் சான்றிதழைக் கொடுத்தேன். ஓரங்களை வெட்டினார். தலைமுடி காயவைக்கும் மெஷினால் சூடு காட்டி, முன்பக்கத்தின் மூலையில் நகத்தால் நெம்பி இழுத்தார். பிளாஸ்டிக் உரிந்தது. அதோடு பேனாவில் எழுதியிருந்த என் பெயரும் கல்லூரி முதல்வரின் கையெழுத்தும் உரிந்து வந்தன. காகிதத்தில் முதல் பரிசு என்ற அச்செழுத்து மட்டும் இருந்தது. பரிசு யாருக்கு என்று இல்லை.

கீர்த்தனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டச் சான்றிதழிலும் என் பெயர் கையால்தான் எழுதப்பட்டிருந்தது. அது இப்படிப் போனால் வேலை மட்டும் போகாது. நான் படித்தேன் என்பதற்கே சாட்சி இல்லாமல் போய்விடும்.

முஸ்தபா பாய் மெஷினை அணைத்துவிட்டார். “வேணாம்மா. எடுத்துட்டுப் போயிருங்க. பாவம் எனக்கு வேணாம்.”

கீர்த்தனா பட்டச் சான்றிதழைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். அவள் தமிழ்ப் பகுதியை எழுத்துக் கூட்டி, “மா... ல... தி,” என்று படித்தாள். அவள் தானாகத் தமிழ் எழுத்தைப் படித்து நான் பார்த்ததில்லை. பிறகு அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் வெள்ளை.

“அங்கிள், சீல் எந்தப் பக்கம் போடுவாங்க?”

முஸ்தபா பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பின்னாடிதான் போடுவாங்க. ஏம்மா?”

“அப்ப இந்தப் பக்கம் மட்டும் எடுத்தா போதாதா? இதுல ஒண்ணுமே எழுதலையே.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மாதம் இரண்டு பேருக்குப் பிரிப்பவருக்கும் தோன்றவில்லை, எம்.ஏ. படித்தவளுக்கும் தோன்றவில்லை. முன்பக்கம்தான் முக்கியம் என்று நாங்கள் இருவருமே அதையே முறைத்துக்கொண்டிருந்தோம்.

ஏஜென்டுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். ஒரு பக்கம் மட்டும் பிரித்த காகிதத்தை வாங்குவார்களா என்று அவருக்கும் தெரியவில்லை. “வாங்கினாலும் வாங்குவாங்க சேச்சி. அனுப்பிப் பாக்கலாம். திருப்பி அனுப்பினா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது,” என்றார்.

“கிழிஞ்சா என்னையும் கேக்கக் கூடாது,” என்றார் முஸ்தபா பாய். “வாயால சொல்லுங்கம்மா. இந்தப் புள்ள சாட்சி.”

“கேக்க மாட்டேன். பிரிங்க.”

முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு விரல் அகலம் சூடு, ஒரு விரல் அகலம் உரிப்பு. பக்கத்துக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, “யல்லா பாய், ஜல்தி,” என்று கிண்டல் செய்தார். முஸ்தபா பாய் நிமிரவேயில்லை. கடைசி மூலை வந்தபோது காகிதம் லேசாகச் சுருங்கியது, கிழியவில்லை. அவர் அதை என் கையில் கொடுத்தார். இருபது வருடத்துக்குப் பிறகு அந்தக் காகிதத்தை நான் தொட்டேன். கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது.

வெளியே வந்ததும் சந்தோஷத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. எங்களுக்குக் கடற்கழியின் எதிர்க்கரையில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் அப்ரா படகில் ஏறி அதைக் கடந்து, இறங்காமல் அதே படகில் திரும்பி வந்தோம். காற்றில் ஃபைல் பறந்துவிடாமல் கீர்த்தனா அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

“உன் சர்டிஃபிகேட்டும் பாக்தாத் மாதிரிதான்மா,” என்றாள். “யூஸ் பண்ணாதான் பிழைக்கும்.”

நான் சொல்லிக் கொடுத்ததை என்னிடமே திருப்பிப் போட்டாள். ஆனால் சொன்ன இடம் சரியாக இருந்தது.

6

காத்திருந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தினமும் ஏஜென்டுக்கு ஒரு போன், தினமும் அவருடைய “வரும் சேச்சி.” சென்னையில் வாங்கிக்கொண்டார்கள். டெல்லியில் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கொண்டுபோனபோது வேறு கவுண்டர், வேறு அதிகாரி. அவர் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாராம். பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது காகிதம் என் கைக்கு வந்தது. வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் நீலம், ஊதா, பச்சை என்று முத்திரைகளும் ஸ்டிக்கர்களும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

இப்போது ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, எட்டாம் வகுப்பு இ பிரிவு என்னுடையவை. முதல் பாடமே மறுமலர்ச்சியாக அமைந்தது. கரும்பலகை இல்லை, திரைதான். அதில் ஐந்து காரணங்களை எழுதவில்லை. செல்வராணி கேட்டதை ஆங்கிலத்தில் எழுதினேன்: அப்போது வாழ்ந்தவர்களுக்கு அது மறுமலர்ச்சி என்று தெரியுமா? சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தெரியும் என்று ஒரு கட்சி, தெரியாது என்று ஒரு கட்சி. மணி அடிக்கும் வரை ஓயவில்லை. கடைசியில், “சரியான விடை என்ன மிஸ்?” என்று கேட்டார்கள்.

“எனக்கு முழுசாகத் தெரியாது. நாளைக்குச் சேர்ந்து தேடுவோம்,” என்றேன். மரியாதை ஒன்றும் போகவில்லை. செல்வராணி எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. தெரிந்தால் இதை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அப்பா வீடியோவில் வந்தார். சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினேன். முன்பக்கம் இன்னும் பளபளவென்று அவர் போட்ட லேமினேஷனோடு இருந்ததில் அவருக்கு ரொம்பத் திருப்தி. பின்பக்கத்தைக் காட்டியதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். ஒவ்வொரு முத்திரையாக எண்ணினார்.

“இத்தன சீல் இருக்கேம்மா. மை கலைஞ்சிரும். நாளைக்கே போயி அந்தப் பக்கமும் ஒரு லேமினேஷன் போட்டிரு.”

கீர்த்தனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அப்பாவிடம் நிதானமாகத்தான் சொன்னேன்.

“வேணாம்பா. நீங்க போட்ட பக்கம் அப்படியே இருக்கட்டும். இந்தப் பக்கம் தொறந்தே இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு பாருங்க.”